ஆன்லைன் சேவைக்குத் தணிக்கை: திரும்பிப் போனவர்களை யார் எண்ணுவது?

கிழக்குவெயில்:

கேரளத்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்துக்காரர்களும் மூணாறு, குமுளிப் பக்கத்துக்காரர்களும் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இதைப் போடுகிறேன். எங்கள் வார்டு கிராமசபை சீக்கிரம் கூடப்போகிறது. போன முறை வாசித்த அறிக்கையில் ‘இணைய வழியில் வந்த விண்ணப்பங்கள் அனைத்தும் உரிய காலத்தில் தீர்க்கப்பட்டன, நிலுவை ஏதுமில்லை’ என்று ஒரு வரி இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வரி பொய்யில்லை, பிரச்சினையே அதுதான். கணினிக்குள் ஏறியதெல்லாம் தீர்ந்துதான் இருக்கும். ஏறாமலே திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

எங்கள் அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) ஒரு பாட்டி இருக்கிறார். காலமெல்லாம் செங்கல் சூளையில் மண் குழைத்துக் கல் அறுத்த கை, ரேகையே தெரியாது. பென்ஷனுக்கு வருஷா வருஷம் மஸ்டரிங் செய்ய வேண்டும் இல்லையா, அதாவது உயிரோடு இருப்பதை ரேகை வைத்துக் காட்ட வேண்டும், சேவை மையத்தில் விரலை வைத்தால் கருவி எடுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, மறுபடி துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு ‘அப்புறம் வாங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். ரேகை விழாதவர்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் உயிர்வாழ் சான்று கொடுத்தால் போதும் என்று விதியிலேயே இருக்கிறது, அதை அங்கே யாரும் சொல்லவில்லை. வந்தார், முயன்றார், நடக்கவில்லை என்று காட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாமல் பஸ் ஏறிப் போனார். பென்ஷன் நின்ற பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

ஆடிட் நடக்கிறது என்கிறார்கள், மானியம் வருகிறது என்கிறார்கள். இந்தப் பாட்டி மாதிரி ஆட்களைப் பற்றி அந்த ஆடிட்டில் ஒரு வார்த்தையாவது வர வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிராமசபையில் எழுத்தில் கேட்கப்போகிறேன், சும்மா பேசிவிட்டு வருவதாக இல்லை.

பரம்பிக்குளம்_தண்ணி:

அக்கா, நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் ஆடிட் என்பது பணத்துக்கு. ரேகை விழவில்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்பதெல்லாம் புகார் மனுவில் போக வேண்டிய விஷயம். முதலில் பணத்தைக் கேளுங்கள். எங்கள் பஞ்சாயத்து அலுவலகத்தில் தொடுதிரை மெஷின் ஒன்று வாங்கி வைத்தார்கள், மனு நிலை பார்க்க, வரி கட்ட என்று. வந்த நாளில் போர்த்திய பிளாஸ்டிக் உறை இன்னும் பாதி அப்படியே இருக்கிறது. திரையைத் தொட்டால் மலையாளம், இங்கிலீஷ் இரண்டுதான் வரும், தமிழ் கிடையாது. இப்போது அதன் மேல் பழைய ஃபைல் கட்டு ஏறிவிட்டது. இதற்கு எந்த மானியம், எவ்வளவு, யார் கையெழுத்து? அதைக் கேட்டால் மற்றதெல்லாம் தானாக வெளியே வரும்.

பழைய_ஆடிட்டர்:

ஓய்வு பெற்றுப் பாலக்காட்டில் இருக்கிறேன், பணிக்காலம் முழுக்கத் தணிக்கைதான். பரம்பிக்குளம் தம்பி, ஆடிட் பணத்துக்கு மட்டும் என்பது பலரும் நினைப்பது, ஆனால் அப்படி இல்லை. பில், வவுச்சர், விதி பார்ப்பது ஒரு வகை. செலவு செய்த நோக்கம் நிறைவேறியதா என்று பார்ப்பது இன்னொரு வகை, அதைச் செயல்திறன் தணிக்கை என்போம். கணினி அமைப்புகளையே தனியாக எடுத்துப் பார்ப்பதும் உண்டு. உள்ளே என்ன போகிறது, உள்ளே என்ன நடக்கிறது, வெளியே என்ன வருகிறது என்று மூன்று இடத்திலும் கை வைக்க வேண்டும்.

ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு பற்றி மத்தியத் தணிக்கைத் துறை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை ஞாபகம் இருக்கும். 7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தார்கள். தகுதியைச் சரிபார்க்க செல் எண் தேவையே இல்லை என்று அரசு பதில் சொன்னது. நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். ஃபோன் இல்லாதவர் வந்து நிற்கிறார், கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது என்றால் கவுன்டரில் இருப்பவர் வேறென்ன செய்வார்? ஒன்பதைத் தட்டுவார். அவர் தட்டாமல் ஆளைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையில் ஒரு எண்ணும் வந்திருக்காது. அதனால் கிழக்குவெயில் அம்மா கேட்பது ஆடிட்டுக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை, நடுவில் உள்ள விஷயம். நாங்கள் சாம்பிள் எடுப்பது பதிவான விண்ணப்பங்களிலிருந்து. பதிவாகாதவருக்கு சாம்பிளில் இடமே கிடையாது. இந்த ஓட்டையை அடைக்க வெளியிலிருந்து யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் அதைத் தணிக்கைக் குழு கோப்பில் சேர்க்கலாம்.

அந்தத் தொடுதிரை விஷயத்துக்கு வருகிறேன். மானியம் வாங்கினால் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள். அதில் ‘எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அதற்கே பயன்படுத்தப்பட்டது’ என்று கையெழுத்துப் போடுகிறார்கள். பொருள் வாங்கியாயிற்று, பில் இருக்கிறது, கையெழுத்து விழுந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது இருப்புப் பதிவேட்டில் அது எந்தத் தேதியில் ஏறியது, வருஷா வருஷம் நேரில் சரிபார்த்த குறிப்பு இருக்கிறதா, பராமரிப்பு ஒப்பந்தம் யாருடன், திரையை இதுவரை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று உள்ளே பதிவு இருக்கிறதா, இவ்வளவுதான். கடைசிக் கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்று எழுத்தில் வந்தால் அது ஒரு ஆடிட் பாரா, அதாவது அறிக்கையில் குறையாக ஏறும் பத்தி. பாரா விழுந்தால் சும்மா போகாது, கேரளத்தில் 1994ஆம் வருஷத்து உள்ளாட்சி நிதித் தணிக்கைச் சட்டப்படி நஷ்டத்தைப் பொறுப்பானவர் மேல் சுமத்த வழி இருக்கிறது.

வாளையார்_தாண்டி:

நான் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் வேலை, வீடு இந்தப் பக்கம். அக்கா, திரும்பிப் போனவர்கள் பதிவாகவே இல்லை என்பது முழுக்கச் சரியில்லை. ஆள் கையில் சீட்டு இல்லை, அது உண்மை. ஆனால் இயந்திரத்துக்குள் தடம் இருக்கிறது. விரல் வைத்து ஆதார் சரிபார்ப்புத் தோற்றால் அந்தத் தோல்வி ஒரு பிழைக் குறியீட்டோடு பதிவாகும். ஆதார் தளத்தில் அவரவர் சரிபார்ப்பு வரலாற்றைப் பார்க்கலாம், கடைசி ஆறு மாதத்துக்குக் கிடைக்கும், வெற்றியும் வரும் தோல்வியும் வரும். பாட்டியின் எண்ணோடு செல்போன் இணைத்திருந்தால் ஓடிபி போட்டு இன்றைக்கே எடுத்துவிடலாம். அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அவர் வந்து முயன்றதற்கு ஆதாரம். செல்போன் இணைக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்ய வேண்டியிருக்கும்.

அப்புறம் விண்ணப்பத் தளங்கள். லாகின் செய்தவர் எத்தனை பேர், படிவத்தைத் திறந்தவர் எத்தனை பேர், பாதியில் டிராஃப்டாக நின்றது எத்தனை, எந்தப் பக்கத்தில் நின்றது, ஓடிபி அனுப்பி வராமல் போனது எத்தனை என்று எல்லாம் சர்வரில் இருக்கும். 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி அரசு அமைப்புகளும் சேர்த்து எல்லாரும் கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆக, கேட்பதானால் சீக்கிரம் கேட்க வேண்டும், அடுத்த வருஷம் ஆடிட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அழிந்திருக்கும். ஆட்களின் பெயர், ஆதார் எண் எதுவும் வேண்டாம், கேட்கவும் கூடாது. மாதவாரியாக, படிவவாரியாகத் தொகை எண் போதும். வருமானச் சான்றுக்கு நூறு பேர் திறந்து நாற்பது பேர்தான் முடித்தார்கள் என்று வந்தால், மீதி அறுபது பேருக்கு எந்த இடத்தில் முட்டியது என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். (நூறு, நாற்பது எல்லாம் உதாரணத்துக்குச் சொன்னது.)

கணினி சொல்வதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து அஞ்சல்துறை விவகாரம் போதும். ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியது, 1999க்கும் 2015க்கும் நடுவில் 900க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். கோளாறு மென்பொருளில் இருந்தது. 2024இல் தனிச் சட்டம் போட்டுத்தான் பெரும்பாலான தீர்ப்புகளை ரத்து செய்தார்கள். அத்தனை வருஷமும் அங்கேயும் ஆடிட் நடந்துகொண்டுதான் இருந்தது.

குமாஸ்தா_மேசை:

நான் ஒரு பஞ்சாயத்தில் வேலை செய்கிறேன், எது என்று சொல்லமாட்டேன். படித்தால் எங்கள் ஆட்கள்தான் வேண்டுமென்றே திருப்பி அனுப்புகிறோம் என்பது போல் இருக்கிறது. கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள். மென்பொருள் மாறும்போது பழைய தரவு புதிதுக்கு ஏறுகிறது, ஏறும்போது வீட்டு எண் ஒரு இடம், பெயர் ஒரு இடம் என்று போய்விடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்ப் பெயர்கள் பழைய பதிவேட்டில் இனிஷியலோடு இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ரேஷன் கார்டில் மலையாள எழுத்தில் இன்னொரு மாதிரி இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று எனக்குத் தெரியும், முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம். திரை ஒத்துக்கொள்ளாது. எனக்கு அதைத் தாண்டிப் போக அதிகாரம் இல்லை. நான் தாண்டினால் அடுத்த ஆடிட்டில் என் பெயரில் பாரா வரும். அதனால் ‘திருத்திக்கொண்டு வாங்க’ என்றுதான் சொல்ல முடிகிறது.

இன்னொன்று, விண்ணப்பத்தை ஏற்று வைத்தால் அந்த நிமிஷத்திலிருந்து காலக்கெடு ஓட ஆரம்பிக்கும். தாமதமானால் சிவப்பில் காட்டும். குறை இருக்கிற விண்ணப்பத்தை ஏற்காமலே விட்டால் சிவப்பு வராது. மேலே இருப்பவர்கள் சிவப்பை மட்டும் பார்த்துத் திட்டினால் கீழே இருப்பவர்கள் எதைச் செய்வார்கள் என்று நீங்களே யோசியுங்கள். இது ஆள் கெட்டவரா நல்லவரா என்ற விஷயம் இல்லை.

கிழக்குவெயில்:

குமாஸ்தா சார், யாரையும் குற்றவாளியாக்க நான் இதை ஆரம்பிக்கவில்லை. நீங்கள் எழுதிய கடைசிப் பத்திதான் எனக்கு இத்தனை நாள் புரியாமல் இருந்தது. சிவப்பு வரக்கூடாது என்பதற்காக விண்ணப்பமே ஏற்கப்படுவதில்லை என்றால், ‘நிலுவை ஏதுமில்லை’ என்ற வரியை வைத்துச் சேவை நன்றாக நடக்கிறது என்று சொல்லவே கூடாது. ஏற்க மறுத்தால் காரணம் எழுதி ஒரு சீட்டு கொடுக்க வேண்டும் என்று கேட்டால் உங்களால் கொடுக்க முடியுமா?

குமாஸ்தா_மேசை:

மேலே இருந்து உத்தரவு வந்தால் கொடுக்கலாம். கிராமசபைத் தீர்மானம் என்று ஒன்று இருந்தால் நாங்களும் அதைக் காட்டி மேலே கேட்கலாம், எங்களுக்கும் அது பாதுகாப்புதான்.

ஆந்திர_சித்தூர்:

நான் உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை, ஆந்திராவில் இருக்கும் சித்தூர். குப்பத்துக்குப் பக்கம், வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. எங்கள் மாநிலத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை 2006லேயே ஆரம்பித்துவிட்டார்கள், 2009இல் அதற்கென்று தனி அமைப்பே போட்டார்கள். சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராமசபைக்குக் கொடுத்த அதிகாரம் அது. எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். மஸ்டர் ரோலை (வேலையாட்களின் வருகைப் பதிவேடு) அச்செடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ‘உங்கள் பேரில் இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி என்று இருக்கிறது, போனீர்களா, வாங்கினீர்களா’ என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு ஊரில் வாசிப்பார்கள், கடைசியில் மண்டலத்தில் பிரஜா வேதிகா என்று பொது விசாரணை, அதிகாரிகள் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கணினியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆளிடம் போய்க் கேட்பது, இதில் சூட்சுமமே அதுதான்.

பின்னாடி வருகைப் பதிவுக்குச் செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலையிடத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள், போலி ஆட்களைத் தடுக்க. 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது, சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று. அதே நேரம் நெட்வொர்க் கிடைக்காத இடத்தில் நிஜமாக மண் வெட்டியவர்களுக்கு வருகைப் பதிவு விழாமல் கூலி போனது. ஏமாற்றுபவனுக்கு வழி கிடைத்துவிட்டது, வேலை செய்தவருக்கு வாசல் அடைந்துவிட்டது. ஆன்லைன் சேவை எதைத் தணிக்கை செய்தாலும் இந்த இரண்டு பக்கத்தையும் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. தப்பாக உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணினால் அடுத்த வருஷம் இன்னும் ஒரு ஓடிபி சேர்ப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

லயம்_வீடு:

தேவிகுளம் பக்கம், தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) எழுதுகிறேன். எங்கள் கதை கொஞ்சம் வேறு. லயம் கம்பெனிக்குச் சொந்தம், எங்கள் பெயரில் வரி ரசீது கிடையாது, படிவத்தில் வீட்டு உடைமை ஆவணம் கேட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறோம். சாதிச் சான்று இன்னும் கஷ்டம். 1950க்கு முன்னால் குடும்பம் இங்கே குடியிருந்தது என்று காட்ட வேண்டும் என்பார்கள். தாத்தா காலத்துத் தோட்டப் பதிவேடு எங்கே போய்த் தேடுவது? பிள்ளைகள் காலேஜ் சேரும் நேரத்தில் இதில் மாட்டிக்கொண்டு ஒரு வருஷம் வீணாகப் போனவர்கள் எங்கள் லைனிலேயே இருக்கிறார்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டது என்றுகூட இல்லை, ‘ஆவணம் இல்லையா, அப்போ போடவே வேண்டாம்’ என்று கவுன்டரிலேயே முடிந்துவிடும்.

மொழி விஷயமும் சொல்ல வேண்டும். 1969ஆம் வருஷத்து கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்களும் கன்னடர்களும் அவர்கள் மொழியிலேயே அரசு அலுவலகத்துக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது. காகிதத்தில் எழுதிய காலத்தில் அப்பாவுக்குத் தமிழில் பதில் வந்திருக்கிறது, வீட்டில் வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது வரும் எஸ்எம்எஸ் மலையாளத்தில் வருகிறது, படிக்கத் தெரியாத அம்மா அதை யாரிடமாவது காட்டத்தான் வேண்டும். காகிதத்தில் இருந்த உரிமை ஆன்லைன் ஆனதும் குறையலாமா? இதையும் ஆடிட்டில் கேட்க முடியுமா ஆடிட்டர் சார்?

பழைய_ஆடிட்டர்:

முடியும், கட்டாயம் கேட்க வேண்டும். சட்டம் ஒன்று சொல்கிறது, மென்பொருள் அதைச் செய்யவில்லை என்றால் அது விதிப்படி நடந்ததா என்று பார்க்கும் சாதாரண இணக்கத் தணிக்கையிலேயே வரும். மென்பொருள் கட்டும்போது தேவைப் பட்டியலில் தமிழ் இருந்ததா, இருந்தும் விடப்பட்டதா, கேட்கப்படவே இல்லையா என்று கோப்பைப் பார்க்க வேண்டும். குறைகளைச் சொல்லி மனுக் கொடுக்க அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியையும் அனுமதிக்கிறது, மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

அதிகாரிகளின் லாகின் பற்றி யாரும் பேசவில்லையே. 2020இல் தமிழ்நாட்டில் பிஎம் கிசான் (விவசாயிகள் உதவித்தொகை) முறைகேட்டில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள், 110 கோடி ரூபாய் போனது. அதிகாரிகளின் லாகினும் பாஸ்வேர்டும் தனியார் கம்ப்யூட்டர் மையங்கள் வரை போயிருந்தன. ஒரு அதிகாரியின் லாகினில் ராத்திரி இரண்டு மணிக்கு நூற்றுக்கணக்கில் ஒப்புதல் விழுந்தால் அதை யாராவது அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். உங்கள் பஞ்சாயத்தில் எத்தனை லாகின், யார் யார் பெயரில், மாறிப் போனவர்களின் லாகின் மூடப்பட்டதா என்று கேளுங்கள். குமாஸ்தா தம்பிக்கும் இது நல்லது, நாளைக்குப் பழி அவர் மேல் வராது.

பரம்பிக்குளம்_தண்ணி:

சரி சார், பணத்தை நாங்களே பார்க்க வழி சொல்லுங்கள். தகவல் உரிமையில் போட்டு ஒரு மாதம் காத்திருக்காமல்.

பழைய_ஆடிட்டர்:

பஞ்சாயத்துக் கணக்குகள் இருக்கும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைத் திறங்கள். மாநிலம், மாவட்டம், பிளாக், பஞ்சாயத்து, நிதியாண்டு தேர்ந்தெடுத்தால் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் என்ன வேலை திட்டமிட்டார்கள், எவ்வளவு செலவு, வவுச்சர் எண், தேதி என்று வரும். லாகின் வேண்டாம், யாரும் பார்க்கலாம். அந்த மானியத்தில் 2021-22 முதல் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது, மீதி 40 சதவீதம்தான் ஊர்த் தேவைக்கு. உங்கள் தொடுதிரை அந்த 40இல் வந்ததா, மாநிலத் திட்ட நிதியில் வந்ததா என்று முதலில் பாருங்கள். கணக்கும் தணிக்கை அறிக்கையும் பொதுவெளியில் இணையத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த மானியம் வாங்கவே நிபந்தனை. ஆக ‘அறிக்கையைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் அது உங்களுக்குச் செய்யும் தயவு இல்லை. வவுச்சரை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பொருளைப் பாருங்கள், குப்பம் தம்பி சொன்ன மாதிரி. ஆவணங்களையும் வேலையையும் நேரில் ஆய்வு செய்ய தகவல் உரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

கிழக்குவெயில்:

எல்லாரும் எழுதியதை வைத்து ஒரு மனு எழுதியிருக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்:

‘கடந்த 180 நாளில் ஒவ்வொரு சேவையிலும் படிவத்தைத் திறந்தவர்கள், பாதியில் நின்றவர்கள், முடித்தவர்கள் எண்ணிக்கையை மாதவாரியாக, பெயர் விவரம் இல்லாமல் கிராமசபையில் வைக்க வேண்டும். விண்ணப்பத்தையோ ரேகையையோ ஏற்க முடியாதபோது தேதி, காரணம், மாற்று வழி மூன்றும் எழுதிய சீட்டு தமிழிலும் மலையாளத்திலும் கொடுக்க வேண்டும், அதன் அடிக்கட்டை தணிக்கைக்கு வைக்கப்பட வேண்டும். மானியத்தில் வாங்கிய கணினி, தொடுதிரை, மற்ற கருவிகளின் இருப்புப் பதிவேடும் பயன்பாட்டுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் நகலும் காட்டப்பட வேண்டும். தளத்திலும் குறுஞ்செய்தியிலும் தமிழ் ஏன் இல்லை என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். லாகின்களின் பட்டியல் சரிபார்க்கப்பட்டதா என்று சொல்ல வேண்டும். இந்தத் தீர்மானத்தின் நகல் மாநிலத் தணிக்கைத் துறைக்கு அனுப்பப்பட வேண்டும்.’

பாட்டிக்கு உயிர்வாழ் சான்று எழுதிக் கொடுத்தாயிற்று. நின்ற மாதங்களின் பணத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறோம்.

வாளையார்_தாண்டி:

நன்றாக இருக்கிறது அக்கா. ‘திறந்தவர்கள்’ என்பதோடு ‘ஓடிபி வராமல் போனவை’ என்றும் சேருங்கள், இல்லாவிட்டால் அதை விட்டுவிடுவார்கள். அச்சுப் படிவமாக ஒரு பக்கத்தில் போட்டுத் தருகிறேன், மற்ற வார்டுக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

குமாஸ்தா_மேசை:

மனுவைக் கிராமசபையில் மட்டும் கொடுக்காதீர்கள், முந்தின வாரமே அலுவலகத்தில் கொடுத்து உள்வரவு எண்ணும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழிலேயே கொடுங்கள், அங்கேயே மலையாளத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னால் 1969 சட்டத்தைச் சொல்லுங்கள். கோரத்துக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாக, வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் வேண்டும், ஆள் சேராமல் கூட்டம் தள்ளிப்போனால் தீர்மானமும் தள்ளிப்போகும், அதனால் அயல்கூட்டத்துக்காரர்களை முன்கூட்டியே சொல்லிக் கூட்டி வாருங்கள். மினிட்ஸில் உங்கள் தீர்மானத்தை எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.